பாலாவியில் அள்ளிய இரண்டு செம்பு நீர்

திருக்கேதீச்சரக் கோயிலின் தீர்த்தமான பாலாவியின் படிகளில் இறங்கும்போதே வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்து மிச்சத் தூரத்தை நடந்த களைப்பு, கணுக்கால் நனைந்ததும் போய்விட்டது. செம்பை அமிழ்த்தி நிரப்பிக்கொண்டேன். திருக்கேதீச்சரத்தில் மகாலிங்கத்துக்கு அடியவரே தம் கையால் நீர் வார்க்கலாம். சிவராத்திரியன்று இந்தப் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. நான் போனது சாதாரண நாள்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. 'வங்கம் மலிகின்ற கடல்' என்கிறார் சுந்தரர். வங்கம் என்றால் மரக்கலம். இன்று மரக்கலமும் இல்லை, துறையும் இல்லை. மேடுதட்டிய மண்ணும் முட்புதரும்தான். அந்த மண்ணைத் தோண்டியவர்களுக்குச் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்கல ஓடுகளும் கிடைத்தன. இராமர் அணையின் ஆழமற்ற நீரில் பெரிய கலங்கள் போக முடியாது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த சரக்கு கைமாற வாய்ப்பான இடம், கேதீச்சரம் நிற்கும் இந்தப் பழைய துறைமுக ஊரான மாதோட்டம். ஈழத்தின் பழைய தலைநகரான அநுராதபுரத்துக்கு வாசலும் இதுதான். அரசர்கள் கண் வைக்காமல் இருப்பார்களா?

அநுராதபுரத்தை ஆண்ட ஐந்தாம் மகிந்தனின் படைக்குச் சம்பளம் கிடைக்கவில்லை, கலகம் மூண்டது, அவன் தெற்கே உரோகணத்துக்கு ஓடிவிட்டான். இந்தச் சேதியைச் சோழ மன்னனிடம் கொண்டுபோனவன் ஒரு குதிரை வணிகன் என்கிறது இலங்கை அரசர்களின் வரலாற்று நூலான சூளவம்சம். ஒற்றனைவிட வணிகனுக்கு ஊர் நிலவரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது! கி.பி. 993 அளவில் முதலாம் இராசராசனின் படை வந்தது. வட ஈழம் மும்முடிச்சோழ மண்டலமானது. மாதோட்டம் இராசராசபுரம் ஆனது. தாழி குமரன் என்ற சோழநாட்டு அதிகாரி இங்கே இராசராச ஈச்சரம் எடுத்து நிலமும் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அது கேதீச்சரம் அன்று, வேறொரு கோயில். ஈழத்து ஊர்களின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் போனது.

சோழர் பெயரைக் கேட்டால் எனக்கும் உள்ளே ஒரு பூரிப்பு வரும், மறைக்கவில்லை. ஆனால் அதே படைதான் அநுராதபுரத்தைச் சூறையாடியது. கையில் நீரோடு நின்றபோது அந்த நினைப்பும் கூடவே நின்றது. 1070இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். இராசராச ஈச்சரம் எங்கே இருந்தது என்று கேட்டால் கை காட்ட இங்கே ஒருவரும் இல்லை.

1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயர் கேதீச்சரத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைச் சுவரில் இருப்பதாக ஊரார் சொல்கிறார்கள். திரும்ப எழுந்த கோயில் இப்போது கருங்கல்லில் நிற்கிறது. 2022 ஜூலையில் குடமுழுக்கும் கண்டது.

கௌரி அம்பாளை வணங்கிவிட்டு மகாலிங்கத்தின் முன் வந்தேன். மண்ணுக்குள்ளிருந்து மீண்ட மூர்த்தி என்பார்கள். நீர் வார்த்தேன். மனத்தில் தயாராக வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. 'சிவ சிவ' என்பது மட்டும் வந்தது.

பின்னால் ஓர் அம்மா வெறுஞ்செம்போடு நின்றிருந்தார்.

"தம்பி, எனக்கு முழங்கால் மடங்காது. பாலாவியில் ஒரு செம்பு அள்ளித் தருவீர்களா?"

செம்பை வாங்கிக்கொண்டு மறுபடியும் படியிறங்கினேன்.