மோட்டார் இல்லாமல் வந்த ரொக்கெட்

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா தந்த மாதிரி ரொக்கெட் பெட்டியில் கடதாசிக் குழாய், சிறகு வெட்டுவதற்கான பல்சா என்னும் இலேசான மரத் தகடு, பிளாஸ்டிக் மூக்கு, பரசூட் எல்லாம் இருந்தன. கருமருந்து அடைத்த மோட்டாரை விமானப் பொதியில் கொண்டுவர அனுமதியில்லாததால் அது மட்டும் இல்லை. இருந்தும் ஒட்டினேன். சிறகில் மர இழை முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் எளிதில் முறியும். முதற்சிறகை நான் பிழையாக வெட்டியதால், மணற்தாளில் தேய்க்கும்போதே அது விரலிடுக்கில் இரண்டாகியது.

பறக்கவிட்டது வேறொன்றை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் சிறகுகளை ஒட்டி, மூன்றிலொரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகிலுள்ள முற்றவெளியில் ஏவினோம். எழுந்தவுடனேயே கரணமடித்தது. புவியீர்ப்பு மையம் (எடை சமநிலையாகும் புள்ளி) அமுக்க மையத்துக்கு (காற்றின் விசை ஒருசேரத் தாக்கும் புள்ளி) முன்னால், மூக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதை மறந்திருந்தேன். மூக்கில் களிமண் உருண்டையொன்றை வைத்து, வெறும் போத்தலை அது சமநிலையில் தொங்கும் இடத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றியபோது மூக்கு முன்னோக்கியே நின்றது. (வல்வெட்டித்துறையில் பட்டத்துக்கு முச்சை, அதாவது பறக்கவிடும் நூலைப் பட்டத்தோடு இணைக்கும் கயிறுகளைக் கட்டுபவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதாக இராது.) அடுத்த முறை அது நேரே எழும்பி, எங்களை நனைத்துவிட்டு, கோட்டைப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.