வயர் வேண்டாம் அண்ணை

யாழ்ப்பாணம் டவுனில் சின்னதாய் ஒரு எலக்ட்ரோனிக்ஸ் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற மூன்று பேர், இரண்டு பெடியளும் ஒரு பொம்பிளைப் பிள்ளையும், சோற்றுப்பெட்டி அளவில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். மண்சரிவில் இடிந்த வீட்டுக்குள் போய் ஆள் தேடுகிற ரோபோவாம். மலையகத்து மீரியபெத்தையில் 2014இல் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள்.

சோதித்துப் பார்க்க இடிந்த வீட்டுக்கு எங்களிடம் பஞ்சமா? அரியாலைப் பக்கம் ஒன்றுக்குப் போனோம். முதல் நாள் மழை, கல்லெல்லாம் ஈரம். விழுந்து கிடந்த கொங்கிறீற் பிளேட்டுக்குக் கீழே வண்டி நாலு மீற்றர் போகவில்லை, போனில் படம் அப்படியே நின்றுவிட்டது. வைஃபை அலையை ஈரம் குடித்துவிடும், உள்ளே கம்பி போட்ட கொங்கிறீற் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் பக்கத்து வீட்டில் அலவாங்கு வாங்கி வந்து, மீட்பு ரோபோவை நாங்கள்தான் மீட்டோம்.

வயர் போடுங்கோ என்றேன். “வயர் வேண்டாம் அண்ணை, 2011இல ஃபுகுஷிமா அணுஉலைக் கட்டடத்துக்குள்ள போன குயின்ஸ் ரோபோ வயர் சிக்கித்தான் உள்ளுக்கே கிடந்து போச்சு” என்றான் மூத்தவன். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளைதான் சொன்னது: வயரை வெளியிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் மூலைக்கு மூலை உரசும், சுருளை வண்டியின் முதுகில் வைத்து அவிழ்த்துக்கொண்டே போனால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். “சிலந்தி தன்ர நூலைத் தன்னோடதானே கொண்டு போகுது?”

சரி, அந்த நெட்வேர்க் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பலாம் என்றது என் யோசனை. இருபது வருட அனுபவம் பேசியது. 20 மீற்றர் மெல்லிய கம்பி, ஒரே ஒரு சோடி, மோட்டர் 2 அம்பியர் இழுக்க, இங்கே கொடுத்த 12 வோல்ட் அங்கே பாதிக்கும் கீழே இறங்கி வண்டியின் சர்கிட் போர்ட் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பெடியள் என் முகத்தைப் பார்க்காமல் சிரித்தார்கள். பற்றரி வண்டிக்கே திரும்பிப் போனது.

கேபிளுக்குள் இருக்கிற நாலு சோடிக் கம்பியில் படத்துக்கு இரண்டு போதும், மிச்ச இரண்டில் ஒரு மைக்கும் குட்டி ஸ்பீக்கரும் கோர்த்தோம். இதில் மட்டும் நான் பிடிவாதமாய் நின்றேன். அவர்களுக்குக் கமராதான் பெரிசு. யுத்த நேரம் பங்கருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், வெளியே ஆள் நிற்கிறது என்ற செய்தி முதலில் காதுக்குத்தான் வரும். ஆனால் மோட்டர் ஓடினால் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அதனால் நாலு அடி போ, நிறுத்து, கேள் என்று புரோகிராமை மாற்றினார்கள்.

கடைசிச் சோதனையில் சின்னவன் உடைந்த அறைக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்தான். பொழுது பட்டுவிட்டது. வண்டியை நிறுத்தி, “கேட்குதோ?” என்றேன். கொஞ்ச நேரம் சில்வண்டுச் சத்தம் மட்டும்.

“ஓம் அண்ணை. நுளம்பு கடிக்குது, கெதியா வாங்கோ.”