வெண்கட்டி மலை

ஜனவரி 19
பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரான்சில் அண்ணா வீட்டு மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் நேரே ஷாட்டோ கையார் கோட்டை தெரிகிறது. அம்மாவின் கட்டிலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டோம். கடிதம் வர மூன்று கிழமையாவது ஆகுமாம்.

ஜனவரி 20
மழை.

ஜனவரி 22
ஏறிப் போனேன். மலை முழுக்க வெண்கட்டி. கையை ஊன்றினால் உள்ளங்கை வெள்ளையாகிறது. நடுநடுவே கறுப்புத் தீக்கற்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. ஆறு 90 மீட்டர் கீழே. அந்தக் காலத்தில் இந்த நோர்மண்டிப் பகுதியும் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டுடையது. மேலே நின்று பார்த்தால்தான் அவர் ஏன் இந்த இடத்தை விடவில்லை என்று விளங்குகிறது. ரூவான் நகருக்குப் போகிற செய்ன் நதி, வளைவோடு அப்படியே கண்ணுக்குள் கிடக்கிறது.

நிலம் ரூவான் பேராயருடையது. கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டார் ரிச்சர்ட். பேராயர் கோபத்தில் நோர்மண்டி முழுக்க வழிபாட்டை நிறுத்தி, போப்பிடம் முறையிட்டார். கடைசியில் தியெப் துறைமுகத்தையும் இன்னும் சில இடங்களையும் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார். 1196இல் தொடங்கி 1198க்குள் கோட்டை எழுந்துவிட்டது. செலவு 12,000 பவுண் அளவு. தன் ஆட்சிக்காலம் முழுக்க இங்கிலாந்துக் கோட்டைகள் அத்தனைக்கும் சேர்த்தே 7,000 தான் செலவழித்தாராம்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "தண்ணிக்கு என்ன செய்தவை?"
முற்றத்தில் கிணறு இருக்கு என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஜனவரி 25
உள்மதிலைப் பார்த்துவிட்டு வந்து இரவு நித்திரை வரவில்லை. அவ்வளவு அழகு. மற்றக் கோட்டைகளில் மதில் தட்டையாக ஓடும், இடைக்கிடை ஒரு கொத்தளம் நிற்கும். இங்கே மதிலே அரைவட்டம் அரைவட்டமாகப் புடைத்து, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வளைந்து போகிறது. எறிகிற கல் நேராக மோத முடியாது, சறுக்கிப் போகும். மேலே நிற்பவனுக்குக் கீழே மறைவான மூலையும் இல்லை.

போனில் படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "பனங்கிழங்கை அடுக்கி நிமித்தி வைச்சமாதிரிக் கிடக்கு" என்றார். அதேதான். எத்தனை புடைப்பு என்று இரண்டு தடவை எண்ணினேன். இடிந்த இடத்தில் கணக்குத் தவறிவிடுகிறது.

ஜனவரி 26
போன் அடித்தது. அவர்கள் இல்லை.

ஜனவரி 30
இதை வாசிக்காமலே இருந்திருக்கலாம்.

1203 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசர் பிலிப் கோட்டையைப் பிடிக்க வந்து, கீழே ஊரைப் பிடித்தபோது சனம் எல்லாம் ஓடிக் கோட்டைக்குள் ஏறியது. ஆயிரத்துக்கு மேல். உள்ளே பொறுப்பில் இருந்தவர் ரோஜர் த லேசி. அரிசி மூட்டையை எண்ணுகிற மாதிரி அவர் வாய்களை எண்ணியிருக்கிறார். சண்டை பிடிக்க முடியாதவர்களை வெளியே அனுப்பினார். முதலில் கிழவர்கள், நோயாளிகள் என்று ஐந்நூறு பேர், பிறகு இன்னொரு கூட்டம். பிலிப்பின் ஆட்கள் வழி விட்டார்கள். அப்புறம் இனி யாரையும் விடக்கூடாது என்று அரசர் சொல்லிவிட்டார். கடைசியாக வந்தவர்கள் பிலிப்பின் படை போட்ட வேலிக்கு வர அம்பு, திரும்பிப் போகக் கோட்டை வாசல் பூட்டு. நானூறு பேராவது அந்தச் சரிவிலேயே நின்றார்கள். குளிர்காலம் முழுக்க. புல்லையும் பூண்டையும் தின்றார்கள். பிலிப்போடு கூட இருந்த கியோம் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியதில் மிச்சத்தை நான் இங்கே எழுதமாட்டேன்.

பெப்ரவரியில் பிலிப் திரும்பி வந்து, பார்த்து, சாப்பாடு கொடுத்துப் போகவிடச் சொன்னார். பாதிப் பேர் முடிந்துவிட்டார்கள்.

கோட்டையைப் பற்றிய புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: உதவாத வாய்கள்.

பெப்ரவரி 2
அம்மா கஞ்சியில் பாதிதான் குடித்தார். "இனி எனக்கு ஏன் வீண் செலவு" என்றார். சத்தம் போட்டுவிட்டேன். பிறகு குசினியில் நின்று அழுதேன்.

பெப்ரவரி 6
சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அவராகவே கேட்டார், அந்தப் பள்ளத்தில் என்ன நடந்தது, ஏன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று. சுருக்கமாகச் சொன்னேன்.

"கதவை உள்ளுக்கிருந்து ஆர் பூட்டினது? அவையின்ரை ஆக்களோ?"
"ஓம் அம்மா."
"சின்னப் பிள்ளையள் எத்தினை பேர்?"
தெரியாது என்றேன். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 2009ஐப் பற்றி இந்த வீட்டில் நாங்கள் கதைப்பதில்லை. இன்றைக்கும் கதைக்கவில்லை.

பெப்ரவரி 7
ஒன்றும் வரவில்லை.

பெப்ரவரி 11
மூடுபனி. கோட்டை இல்லை. அம்மா இரண்டு தடவை ஜன்னலைத் துடைக்கச் சொன்னார்.

பெப்ரவரி 14
வெயில். நடுக்கோபுரத்தைச் சுற்றி வந்தேன். எதிரி வரும் பக்கம் கூர்மையான மூக்குப் போலச் சுவரை நீட்டி வைத்திருக்கிறார்கள். தாங்குசுவர்கள் மேலே போகப்போக அகலமாகின்றன. அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளியால் கீழே வருபவன் தலையில் கல்லைப் போடலாம். அந்தக் காலத்துக்கு இது புதிது.

இவ்வளவையும் யோசித்த ரிச்சர்ட் 1199இலேயே ஷாலூவில் அம்பு பட்ட காயத்தால் செத்துப்போனார். பிறகு அரசரான தம்பி ஜோன் கோட்டைக்குள் ஒரு தேவாலயம் கட்ட, அதன் ஜன்னலால் பிரெஞ்சுக்காரர் ஏறிவிட்டார்கள். உள்மதிலுக்குப் போகும் பாலம் மலைப்பாறையை வெட்டாமல் அப்படியே விட்டது. அதன் கீழே ஒளிந்திருந்துதான் மதிலின் அடியைத் தோண்டினார்கள். 1204 மார்ச் 6இல் எல்லாம் முடிந்தது. அந்தச் சனத்தை வெளியே தள்ளி மிச்சம் பிடித்த சாப்பாடு யாருக்கு எத்தனை நாள் உதவியது?

பெப்ரவரி 15
அண்ணாவுடன் வாக்குவாதம். கடிதத்தை முதலில் யார் பிரிப்பது என்று.

பெப்ரவரி 18
1599இல் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்கச் சொன்னார். துறவிகள் தங்கள் மடத்தைத் திருத்தக் கல் எடுத்துப் போனார்கள். அது எனக்குக் கவலையாக இல்லை. கல்லுக்கு அது நல்ல இடம்தான்.

பெப்ரவரி 20
இரவு பனி கொட்டியது. காலையில் சரிவில் போய் நின்றேன், வாசலுக்கும் வேலி இருந்திருக்கக்கூடிய இடத்துக்கும் நடுவில். இரண்டு சட்டை, கோட், கம்பளித் தொப்பி. பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. கீழே ஊர்ப் புகைபோக்கிகளில் புகை, தேவாலயம், எங்கள் ஜன்னல். அவ்வளவு கிட்ட.

ஒரு துண்டு வெண்கட்டி பொறுக்கி வந்தேன். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். போர்வையில் வெள்ளை.

பெப்ரவரி 23
இன்று கஞ்சி முழுக்கக் குடித்தார்.

பெப்ரவரி 24
தபால்காரரின் மஞ்சள் வண்டி வாசலில் நிற்கிறது. அண்ணா வேலையால் வர ஆறு மணி ஆகும். "நீ போய் எடு பிள்ளை, நான் ஜன்னலடியில இருக்கிறன்" என்கிறார் அம்மா. இறங்கிப் போகிறேன்.