720720-ஐ வகுக்கும் முன் ஒரு முறை பாருங்கள்

போட்டித் தேர்வுக்குப் படித்த நாட்களில், ஒரு மாதிரித் தேர்வில் 720720 என்ற எண்ணை வைத்து மூன்று கேள்விகள் வந்தன. அதற்கு எத்தனை வகுத்திகள்? அது மிகையெண்ணா? எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்? எண்ணைப் பார்த்ததுமே 2-ஆல் வகுக்க ஆரம்பித்துவிட்டேன். நடுவில் ஒரு கழித்தல் பிசகியது. இருபது நிமிடம் போனது, மூன்று விடைகளும் தவறு.

மறுநாள் அதே எண்ணை அவசரமில்லாமல் பார்த்தபோதுதான் 720 இரண்டு முறை வருவது கண்ணில் பட்டது. மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால், அந்த எண் 1001-இன் மடங்கு. 1001 என்பது 7×11×13. மீதி இருக்கும் 720-ஐ உடைப்பது சுலபம்: 2⁴×3²×5. ஆக, 720720 = 2⁴×3²×5×7×11×13. நீள் வகுத்தலே தேவைப்படவில்லை!

வகுத்திகளுக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5×3×2×2×2×2 = 240. ஏன் 1 கூட்டுகிறோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு வகுத்தியில் 2 நான்கு முறை வரை வரலாம், வராமலும் இருக்கலாம். அந்த ‘வராமல்’ என்பதும் ஒரு வழி. அதைச் சேர்த்தால் ஐந்து. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால், பதற்றத்தில் அந்த 1 விட்டுப்போகும்.

மிகையெண் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் அதைவிடப் பெரிய தொகை வர வேண்டும். 240 வகுத்திகளையும் கூட்டப் போகிறோமா? வேண்டாம். 720720 ஆறின் மடங்கு. அதன் பாதி, மூன்றிலொரு பங்கு, ஆறிலொரு பங்கு மூன்றும் வகுத்திகள். அவற்றைக் கூட்டினாலே 720720 வந்துவிடும். அதோடு 1-ம் ஒரு வகுத்தி. தொகை மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். 6-ஐவிடப் பெரிய எந்த ஆறின் மடங்குக்கும் இது பொருந்தும்.

முழு வர்க்கத்துக்கு எல்லா அடுக்கும் இரட்டையாக வேண்டும். 5, 7, 11, 13 தனித்து நிற்கின்றன. 5005-ஆல் பெருக்கினால் சரி.

அப்புறம், இந்த எண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களை இராமானுஜன் 1915-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். 720720 அந்த வகை. பக்கத்தில் 510510-ஐ வைத்துப் பாருங்கள். அதுவும் 1001-இன் மடங்குதான். 2 முதல் 17 வரையிலான ஏழு பகா எண்களின் பெருக்கல். ஆனால் வகுத்திகள் 128 மட்டுமே. நிறைய பகா எண்கள் இருந்தால் போதாது, சிறிய பகா எண்களுக்கு அடுக்கும் வேண்டும் என்பது இந்த இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எனக்கு உறைத்தது.

1001-ஐப் போல 111 = 3×37, 10101 = 3×7×13×37 ஆகியவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலக்கம் மூன்று முறை வந்தால் அது 10101-இன் மடங்கு. இப்போது 424242-ஐ நீங்களே உடைத்துப் பாருங்கள். 3-ம் 7-ம் இரண்டு பக்கமும் வரும், அவற்றின் அடுக்கில் கவனம். வகுத்திகள் 72 வர வேண்டும்.