நாய் மண்டையில எலக்ட்ரோடு ஒட்டி என்ன கண்டுபிடிச்சாங்க

2013 கடைசியில ஸ்வீடன்ல ஒரு குழு, நாய் தலையில ஒரு ஹெட்செட்டை மாட்டினா போதும், அது நினைக்கிறதை ஸ்பீக்கர் மனுஷக் குரல்ல சொல்லிடும்னு இண்டிகோகோங்கற, பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டற வெப்சைட்டுல பணம் திரட்டினாங்க, பேரு நோ மோர் வூஃப். அந்த மாதிரி வீடியோவை இன்னைக்கும் யாராவது எனக்கு ஃபார்வர்டு பண்றாங்க. எனக்கு வருத்தம் என்னன்னா, இப்படி இல்லாத அதிசயத்தைக் காட்டியே நிஜமா நடக்கற வேலையை யார் கண்ணுலயும் படாம பண்ணிடறாங்க. ஏன்னா நாயோட மூளை அலையை அளக்கறது ரொம்பப் பழைய கதை, மனுஷனோட முதல் ஈ.ஈ.ஜி.யை (தலையில எலக்ட்ரோடு ஒட்டி எடுக்கற மூளை அலைப் பதிவு) ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924ல எடுக்கறதுக்கு முன்னாடியே கீவ் நகரத்துல பிராவ்டிச் நெமின்ஸ்கிங்கற விஞ்ஞானி ஒரு நாயோட மூளை மின்சாரத்தை படமா பதிவு பண்ணி 1912-13ல வெளியிட்டுட்டாரு.

அப்ப இத்தனை வருஷம் ஏன் பெருசா எதுவும் நடக்கலைன்னு கேட்டா, பிரச்சனை நாயோட மண்டைதான். உங்க நாய் எதையாவது மெல்லும்போது காதுக்கு மேல கை வச்சுப் பாருங்க, தாடைத் தசை உச்சந்தலை பக்கம் வரைக்கும் அசையும். மூளையில இருந்து மண்டை ஓடு, தசை, தோல் எல்லாம் தாண்டி வெளிய வர்றது மைக்ரோவோல்ட் கணக்குல ஒரு துளி சிக்னல், நாய் ஒரு தடவை காதை ஆட்டினாலோ கண்ணை சிமிட்டினாலோ தசையில இருந்து வர்ற மின்சாரம் அதை அப்படியே முழுங்கிடும். அதனால தசை இல்லாத நடு உச்சியில ரெண்டு, கண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணொண்ணு, பின்மண்டையில ஒண்ணுன்னு ரொம்ப கொஞ்சமாத்தான் ஒட்ட முடியும். பின்லாந்துல ஹெல்சின்கி யுனிவர்சிட்டில பீகிள்ங்கற ஜாதி நாய்களுக்கு தலைமுடியை மழிச்சு, தாடையை ஒரு தாங்கில வச்சு அசையாம படுக்கப் பழக்கி, படம் காட்டி அளந்தாங்க. ஹங்கேரில புடாபெஸ்ட் ஊர்ல ஈ.எல்.டி.ஈ யுனிவர்சிட்டில அன்னா கிஷ் குழு 2014ல கொண்டுவந்த முறைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. முடியை வெட்டறதில்லை, முடியை விலக்கி பேஸ்ட் தடவி எலக்ட்ரோடை ஒட்டி, ஒயரை எல்லாம் தலைக்குப் பின்னாடி கட்டிவிட்டு, தரையில ஒரு மெத்தை, நாய் பக்கத்துலயே அதோட ஓனர். தானா தூங்கற வரைக்கும் காத்திருக்காங்க, அவ்வளவுதான். வீட்டு நாய்ங்கறதால சாயங்காலம் அது பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடும்.

இதே ஊர்ல 2024ல வந்த ஆராய்ச்சியைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். மனுஷங்க கிட்ட "தோசைக்கு செங்கல் தொட்டுக்கிட்டேன்"னு சொன்னா செங்கல்ங்கற வார்த்தை காதுல விழுந்து 400 மில்லிசெகண்ட் வாக்குல மூளையில ஒரு தனி அலை எழும், அதுக்கு என்400னு பேரு, 1980லயே கண்டுபிடிச்சது. எதிர்பார்த்தது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னா அது வரும். மரியானா போரோஷ், லில்லா மக்யாரி குழு 18 நாய்களுக்கு இதைப் பண்ணாங்க, ஓனர் குரல்ல "பந்து"ன்னு கேட்கும், அப்புறம் ஓனர் கையில பந்தும் காட்டுவார், சில தடவை வேற பொம்மையும் காட்டுவார். நாய் எதையும் எடுத்துட்டு வர வேண்டாம், சும்மா பார்த்தா போதும். தப்பான பொருளைக் காட்டும்போது மூளை அலை வேற மாதிரி வந்திருக்கு, அதுவும் நல்லாத் தெரிஞ்ச பொருள்னா வித்தியாசம் இன்னும் அதிகம். அதாவது அந்த வார்த்தையைக் கேட்டதுமே பந்து அது மனசுல வந்திருக்கு, ஓனர் ஏதோ கத்தறாருன்னு மட்டும் இல்லை. "எடுத்துட்டு வா"ன்னு சோதிக்கும்போது முக்காவாசி நாய்ங்க திணறும், அதை வச்சு அதுக்கு வார்த்தையே புரியலைன்னு முடிவு கட்டினவங்க நிறைய பேர், அந்த முடிவு எவ்வளவு அவசரம்னு இப்ப தெரியுது. ஆனா இதுக்காக நாய்க்கு நம்ம பாஷை முழுசாப் புரியும்னு எழுதறதும் அதே அளவு தப்பு. இதே குழு 2020ல பார்த்தப்ப, நாய்க்குத் தெரிஞ்ச வார்த்தையில ஒரே ஒரு சத்தத்தை மாத்திச் சொன்னா மூளை ரெண்டையும் பிரிச்சுக் காட்டலை.

தூக்கத்தைப் பத்தின வேலை இன்னும் அருமை. 2017ல ஹங்கேரிய மொழியில உட்காரு, படுன்னு பழகின நாய்களுக்கு அதையே இங்கிலீஷ்ல கத்துக்கொடுத்துட்டுத் தூங்க விட்டாங்க (நம்ம ஊர்ல தமிழ் தவிர வேற எதுவும் பேசாத வீட்டுலயும் நாய்க்கு மட்டும் சிட், கம்தான்!), எதுவும் கத்துக்காத நாளோட தூக்கத்தையும் கத்துக்கிட்ட நாளோட தூக்கத்தையும் ஒப்பிட்டா அலையோட அமைப்பே மாறியிருந்துச்சு. அதே வருஷம் இன்னொண்ணு: கொஞ்சி விளையாடினதுக்கு அப்புறமும், கட்டிப்போட்டு மிரட்டின மாதிரி நடந்துக்கிட்டதுக்கு அப்புறமும் தூங்க விட்டா, மிரண்ட நாய்தான் சீக்கிரம் தூங்கிடுச்சு. வெளிய பார்த்தா நிம்மதியா தூங்குதுன்னு நினைப்போம், உள்ள ஆழ்ந்த தூக்கம் குறைஞ்சு கனவுத் தூக்கம் கூடியிருந்துச்சு. திட்டு வாங்கின நாய் மூலையில சுருண்டு படுத்தா "சரியாயிடுச்சு"ன்னு விட்டுட்டுப் போறவங்களுக்கு இந்த ஒரு ஆராய்ச்சியைக் காட்டணும்.

எனக்கு இதுல சொந்த அக்கறையும் இருக்கு, எங்க நாய் மணிக்கு வயசாயிடுச்சு. ராத்திரி எழுந்து ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துக்கிட்டே இருக்கான், சில நேரம் சுவரைப் பார்த்து நின்னுடறான். அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டில நடாஷா ஓல்பி குழு 2023ல வயசான நாய்கள் 28ஐ, எல்லாம் 10ல இருந்து 16 வயசு, மத்தியானம் ரெண்டு மணி நேரம் எலக்ட்ரோடோட தூங்க வச்சுப் பார்த்திருக்காங்க. மறதி நோய் அறிகுறி அதிகமா இருக்கற நாய்க்கு ஆழ்ந்த தூக்கமும் குறைவு, கனவுத் தூக்கமும் குறைவு, நம்ம ஊட்டுத் தாத்தா பாட்டிங்களுக்கு அல்சைமர்ல நடக்கற மாதிரியேதான்.

வீட்டுலயே வச்சு அளக்கற கையடக்க சென்சார் வேணும்னு எனக்குத் தோணறது இதுக்குத்தான். புது இடத்துல நாய் முதல் தடவை தூங்கற தூக்கம் வேற, பழகினப்புறம் தூங்கறது வேறன்னு புடாபெஸ்ட்லயே 2020ல காட்டிட்டாங்க, அப்ப ஆஸ்பத்திரில ஒரு மத்தியானம் அளக்கறது மணியோட ராத்திரியை எப்படிச் சொல்லும்? பெய்ஜிங்ல 2024ல மனுஷனுக்கும் பீகிளுக்கும் ஒரே நேரத்துல ஒயர் இல்லாத ஈ.ஈ.ஜி. மாட்டி, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்போதும் தடவிக்கொடுக்கும்போதும் ரெண்டு மூளையோட அலையும் ஒத்துப்போறதைக் காட்டினாங்க, அஞ்சு நாள்ல அந்த ஒத்துப்போறது கூடியிருந்துச்சு. ஒயர் போயிடுச்சுன்னா அடுத்தது லேபும் போகணும், நாய் தன்னோட சாக்கு மேல படுத்திருக்கும்போதே மாசாமாசம் தூக்கத்தைப் பதிஞ்சு மறதி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கணும், நான் எதிர்பார்க்கறது அந்தக் கருவியைத்தான், பேசற ஹெட்செட்டை இல்லை.

அது வர்ற வரைக்கும், உங்க வீட்டுலயும் வயசான நாய் ராத்திரி உலாத்துனா வயசு ஆச்சுன்னு விட்டுடாதீங்க, போன்ல வீடியோ எடுத்து வெட்னரி டாக்டர்கிட்ட காட்டுங்க. மூட்டு வலியாவும் இருக்கலாம், கண்ணு காது மங்கினதாவும் இருக்கலாம், அதெல்லாம் இல்லைன்னு ஆனப்புறம்தான் மறதி நோய்னு யோசிப்பாங்க. மணியை அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறோம்.