முருங்கை ஈர்க்கு ரசம்: திப்பி இல்லாமல் வந்துவிட்டது

ஒருவழியாக முருங்கை ஈர்க்கு ரசம் தெளிவாக, நாக்கில் நார் தட்டாமல் வந்துவிட்டது. கீரையை உருவிவிட்டு நாம் குப்பையில் போடுகிற அதே ஈர்க்குதான். சளி, உடம்பு வலி, அசதி என்று யாராவது படுத்தால் எங்கள் பக்கத்து ஆச்சிமார் இதைத்தான் முதலில் வைத்துக் கொடுப்பார்கள்.

மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் எல்லாம் வழக்கமான ரச அளவுதான். புளி வேண்டாம், ஒரு தக்காளி போதும். ஒரு கைப்பிடி ஈர்க்குக்கு நான்கு தம்ளர் தண்ணீர் வைத்து, இரண்டாகச் சுண்டவிட வேண்டும். சூட்சுமம் முழுக்க ஈர்க்கைத் தட்டுவதில் இருக்கிறது.

மிக்ஸி ஆகவே ஆகாது. பிளேடு நாரை அறுத்துப் பஞ்சு மாதிரி ஆக்கிவிடும். அது வடிகட்டியின் கண்ணை அடைத்துக்கொள்ளும், மிச்சம் ரசத்தில் மிதக்கும். சும்மா நறுக்கிப் போட்டால் சாறு இறங்காது. அம்மிதான் சரி, அதிலும் குழவியை இழுத்து அரைக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். "நசுங்கினா போதும்லே, அரைச்சிராத" என்பார் ஆச்சி. ஈர்க்கு நீளவாக்கில் பிளந்து, பச்சைச் சாறு கல்லில் கசிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இலைக்காம்புகள் பிரிகிற கணுக்கள் கெட்டியாக இருக்கும், அங்கே மட்டும் கூடுதலாக ஒரு தட்டு. கிளையோடு ஒட்டியிருந்த தடித்த அடிப்பாகத்தைக் கிள்ளி எறிந்துவிடலாம். நார் அறுபடாமல் இருந்தால், கொதித்தபின் கரண்டியால் மொத்தமாக அள்ளி எடுத்துவிடலாம்; வடிகட்டிக்கே வேலை இல்லை.

இதற்கு வழவழத்துப்போன பழைய அம்மிதான் நல்லது. புதிதாகக் கொத்திய கல் நாரைப் பிய்த்துவிடுகிறது. அம்மி கொத்துகிறவர் தெருப்பக்கம் வருவதே இல்லை என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள்; ஈர்க்கு தட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வாடின ஈர்க்கு பிளக்காது, வளைந்துகொடுக்கும். சொந்த மரம் இல்லாதவர்கள் திருநெல்வேலி மகாராஜநகர் உழவர் சந்தைக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகச் செடிமுருங்கை எங்கும் கிடைக்கிறது, ஆனாலும் என் வாய்க்கு நாட்டு மரத்து ஈர்க்கின் மணம்தான் ஒரு படி மேல். சட்டி, சேரன்மகாதேவி தாண்டி காருகுறிச்சியில் வாங்கிய மண்சட்டி. சூடு நிதானமாக ஏறுவதால் ரசம் பொங்கி வழிவதில்லை.

ஈர்க்கு நல்லது என்றதும் மரத்தின் வேரைத் தோண்டப் போய்விடாதீர்கள். வேர்ப்பட்டையும் மருந்துதான், ஆனால் அது வைத்தியர் கையில் இருக்க வேண்டிய சரக்கு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வேலை பாதியில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரத்தடியெல்லாம் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், கிட்டே போக முடியாது. அந்த மாதங்களுக்காக ஈர்க்கை நிழலில் உலர்த்தி உரலில் இடித்தேன். சல்லடையில் நார்தான் நிற்கிறது, கீழே இறங்கும் பொடி கொஞ்சம்தான். அதிலும் மணம் இல்லை. பொடி எண்ணத்தை விட்டுவிட்டேன். உலர்ந்த ஈர்க்கைக் கட்டாகவே வைத்திருந்து, தட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறப்போட்டுப் பார்க்கப் போகிறேன். அப்புறம் கறிவேப்பிலை ஈர்க்கையும் பாதிக்குப் பாதி சேர்க்க வேண்டும், அதற்கும் நிழலில் துணி விரித்தாயிற்று.