52-ஆம் பிரிவும் ஒரு ஜெராக்ஸ் கடையும்

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கிற மண்டபம் ஊரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. தாள் நமத்துப்போய் மெஷினுக்குள் சுருண்டுகொள்ளும். தாள் வைக்கும் பெட்டிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பேன். அடுத்த தொல்லை, புத்தகத்தைக் கண்டாலே வருகிற பயம். ‘புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டால் கேஸ் ஆகிவிடும்’ என்று இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் யாராவது ஒருவர் ஓதிவைத்திருப்பார்.

அந்தப் பயத்தில் பாதிதான் நியாயம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உரிமையாளரைக் கேட்காமலே செய்யக்கூடியதை எல்லாம் நீளமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி, வகுப்பறைப் பாடம், வினாத்தாள். கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடுவதுகூட அதில் இருக்கிறது. பக்கத்துக் கடை சவுண்டு சர்வீஸ்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

ஆரம்பப் பள்ளி டீச்சர் ஒருவர் அடிக்கடி வருவார். ஒருமுறை, ஆவுளியா என்று நாங்கள் சொல்கிற கடற்பசுவைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் கொண்டுவந்தார். “பிள்ளைங்களுக்குப் படம் தெளிவாத் தெரியணும் தம்பி.” கறுப்பு வெள்ளையில் ஆவுளியாவும் அது மேய்கிற கடற்புல்லும் ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டன. மெஷினை வெளிறலாக வைத்து, திரும்பத் திரும்பப் போட்ட பிறகுதான் மூக்கும் வாலும் பிரிந்து தெரிந்தன. வகுப்புக்கு அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம் வாங்க எந்தப் பள்ளியால் முடியும்?

விசைப்படகுக்காரர்கள் பழைய செய்தித்தாளோடு வருவார்கள். படகு பிடிபட்ட செய்தியை வக்கீல் கேட்டிருப்பார். நீதிமன்ற வழக்குக்காக நகல் எடுக்கவும் அதே பிரிவில் இடம் உண்டு.

அப்புறம் டியூஷன் சென்டர்காரர்கள். கடையில் விற்கிற கைடைக் கொடுத்து, “அண்ணே, முழுசும் நாற்பது செட், ஸ்பைரல் போட்டுக் குடுங்க” என்பார்கள். மாட்டேன் என்பேன். அது படிப்பு இல்லை, எழுதியவன் வயிற்றில் அடிப்பது. வேறு கடையில் போட்டுக்கொள்வார்கள்தான், போகட்டும்.

எத்தனை பக்கம் வரை போடலாம் என்று கேட்பவர்களுக்கு டெல்லிக் கதையைச் சொல்வேன். டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை ஒன்று பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்துக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. 2016-ல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மேல்முறையீட்டிலும், பாடம் நடத்த எவ்வளவு தேவையோ அதுதான் கணக்கு என்றார்கள். பக்கத்தை எண்ணச் சொல்லவில்லை. 2017-ல் பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டன. எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு அது பெரிய தெம்பு.

பார்வையில்லாத கல்லூரி மாணவர் ஒருவரும் வருகிறார். புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் அவருடைய போன் அதை வாசித்துச் சொல்லும். அப்படி மாற்றிக் கொடுக்க 2012-ல் வந்த திருத்தம் வழிவிட்டது. புத்தகத்தின் முதுகை நன்றாக அழுத்திப் பிடிக்காவிட்டால் நடுவில் நிழல் விழுந்து, போன் உளறும். தடித்த புத்தகம் என்றால் மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் வரச்சொல்வேன்.